தண்ணீரில் மைலேஜ் கூடும் என்று விற்கும் ஹைட்ரஜன் கிட்டை வாங்காதீர்கள்

சரக்கு வேன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். தண்ணீரிலிருந்து பிரிக்கும் வாயுவை இன்ஜினுக்குள் விடும் ஹைட்ரஜன் கிட் என்ற பெயரில் என்னிடம் 32,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியையும் கெடுத்துவிட்டார்கள். ஒட்டன்சத்திரம் சந்தையில் எனக்குத் தெரிந்தே இன்னும் நான்கு பேர் இதை மாட்டியிருக்கிறார்கள்.

என்னுடையது 2018 மாடல் டீசல் பிக்கப். காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோவைக்கும் பாலக்காட்டுக்கும் ஓட்டுகிறேன். முழு லோடுடன் லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர் கொடுத்துவந்தது. டீசல் போட்ட அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது ஆறு வருடப் பழக்கம். அந்த நோட்டு இருந்ததால்தான் நடந்ததை இன்று கணக்கோடு சொல்ல முடிகிறது.

தை மாதம் ஒரு விடியற்காலையில், சந்தை வாசலில் இருக்கும் டீக்கடைக்கு இருவர் வந்தார்கள். கண்ணாடிக் குடுவை, அதற்குள் எவர்சில்வர் தகடுகள், 12 வோல்ட் பேட்டரி, ஒரு ரப்பர் குழாய். தட்டில் சோப்பு நுரையை வைத்து, அதற்குள் குழாயை விட்டு, தீக்குச்சியைக் காட்டினார்கள். படாரென்று வெடித்தது. மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். "அண்ணே, இது வெறும் தண்ணீர். இதே வேகம் உங்கள் இன்ஜினுக்குள் போனால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்" என்றார் மூத்தவர். தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும், தீ வைத்தால் வெடிக்கும். அது உண்மைதான், பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே செய்துகாட்டுவார்கள். மைலேஜுக்கு அதில் எந்தச் சாட்சியும் இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒரு கோப்பைத் திறந்தார்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்த செய்தி. காசியில் ஓடுவதற்காகக் கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய ஹைட்ரஜன் படகை, 2024 பிப்ரவரியில் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைத்த படம். தூத்துக்குடித் துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் செய்தி. எல்லாம் உண்மைச் செய்திகள். அவற்றுக்கு நடுவில் தங்கள் கிட்டின் படத்தையும் செருகியிருந்தார்கள். பார்த்தவுடன், அரசு அங்கீகரித்த பொருள் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தத் திட்டங்களுக்கும் இந்தக் குடுவைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

மைலேஜ் 40 சதவீதம் கூடும் என்றார்கள். மாட்டிய அன்றே பைபாஸில் சோதனை ஓட்டம். லிட்டருக்கு 16.4 வந்தது. மகிழ்ச்சியில் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அந்தச் சோதனையில் வண்டி காலியாக ஓடியது, வேகம் 50-ஐத் தாண்டவில்லை, ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நின்று போகும் வண்டியின் கணக்கை அதோடு ஒப்பிட்டார்கள். கிட் இல்லாமலேயே காலி வண்டி அந்த வேகத்தில் அவ்வளவு கொடுக்கும். கிட்டைக் கழற்றிய பிறகு அதே சாலையில் ஓட்டிப் பார்த்தேன், 16.2 வந்தது.

லோடு ஏற்றி ஓட்டிய முதல் மாதம் 11.3. இரண்டாவது மாதம் 10.8. போன் செய்தால், இன்ஜின் புதிய எரிபொருளுக்குப் பழக வேண்டும் என்றார்கள். மூன்றாவது மாதம் போனை எடுக்கவே இல்லை.

என் அக்கா மகள் பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறாள். "மாமா, அந்தக் குடுவைக்கு எத்தனை ஆம்பியர் போகிறது?" என்று கேட்டு, எடைமேடைச் சீட்டின் பின்பக்கத்தில் அவள் போட்ட கணக்கு இதுதான். 20 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 250 வாட், மணிக்குக் கால் யூனிட் மின்சாரம். பெரிய ஆலைகளிலேயே ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. அப்படியானால் இந்தக் குடுவை நன்றாக வேலை செய்தாலும் மணிக்கு 5 கிராமைத் தாண்டாது. 5 கிராம் ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றல் சுமார் 17 மில்லி டீசலுக்குச் சமம். என் வண்டி ஒரு மணி நேரத்தில் குடிப்பது 4 லிட்டர். அரைச் சதவீதம்கூடத் தேறவில்லை.

அதைவிட மோசமான பாதி இனிமேல்தான். அந்தக் கால் யூனிட் எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலிருந்து. பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர். அதைச் சுற்றுவது இன்ஜின், இன்ஜின் எரிப்பது நான் காசு கொடுத்துப் போட்ட டீசல். வழியில் வெப்பமாகப் போகும் இழப்பையும் சேர்த்தால், அந்த 17 மில்லிக்காக 100 மில்லிக்கு மேல் டீசல் எரிகிறது. சீட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஹைட்ரஜன் டீசலைப் போலப் பூமியிலிருந்து எடுக்கும் எரிபொருள் இல்லை. வேறெங்கோ உண்டாக்கிய ஆற்றலைச் சுமந்துவரும் பாத்திரம் அது. சூரிய ஒளி, காற்றாலை போன்றவற்றிலிருந்து வந்த மின்சாரத்தில் பிரித்தால்தான் அதற்குப் பசுமை ஹைட்ரஜன் என்று பெயர். டீசல் எரித்துப் பிரித்தால் அதில் பசுமையும் இல்லை, மிச்சமும் இல்லை.

பண நஷ்டத்தோடு முடியவில்லை. நான்காவது மாதம் வண்டி மேட்டில் இழுக்காமல் கரும்புகை தள்ளியது. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில் ஓட்டை போட்டுத்தான் கிட்டின் குழாயைச் செருகியிருந்தார்கள். மெக்கானிக் அதைக் கழற்றியபோது உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. விரலால் தொட்டவர் உடனே ஓடிப்போய்க் கையைக் கழுவினார். "வினையூக்கி உப்பு" என்று சொல்லித் தண்ணீரில் கலக்கக் கொடுத்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். அது ஆவியோடு சேர்ந்து இன்ஜின் பக்கம் போயிருக்கிறது. அலுமினியத்தை அந்தக் காரம் அரித்துவிடும். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் அலுமினியப் பாகமான இன்டர்கூலரின் உள்பக்கம் பொத்தலாகியிருந்தது. 18,500 ரூபாய் செலவு, ஆறு நாள் வண்டி ஓடவில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் அறிந்தேன். தயாரித்த நிறுவனத்தின் அமைப்பை இஷ்டம்போல மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்தை மறுக்க இதுவே காரணமாகலாம். விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏற்கெனவே மாட்டியவர்கள் உடனே கழற்றிவிடுங்கள். முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள். குழாயில் வாயு தங்கியிருக்கும் என்பதால் பீடி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ரப்பர் கையுறை போடாமல் குடுவையைத் தொடாதீர்கள், கண்ணில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஏர் ஃபில்டரிலிருந்து இன்டர்கூலர்வரை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பலன் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எனக்குக் கொடுத்த ரசீதில் "வாகன உதிரிபாகம் - 1" என்று மட்டும் இருக்கிறது. ஹைட்ரஜன் என்ற சொல்லும் இல்லை, 40 சதவீதமும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் அந்த மூத்தவர் தன் குரலிலேயே 40 சதவீதம் என்று சொன்ன பதிவு என்னிடம் இருக்கிறது. உங்களுக்கும் அப்படி அனுப்பியிருந்தால் அழித்துவிடாதீர்கள். கிட்டையும் குப்பையில் போடாமல், காரத் தண்ணீரைப் பாதுகாப்பாக வெளியேற்றிவிட்டு, மூடிக் கட்டி வைத்திருங்கள். என்னுடையது வழக்கு எண் எழுதிய சாக்கில் கிடக்கிறது.