குடல் முறுக்கை டியூப் வச்சு அவுத்துட்டாங்கன்னு நிம்மதியா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க

அப்பாவுக்கு 78 வயசு, பார்க்கின்சன்ஸ்ங்கற நடுக்க நோய் இருக்கு, மலச்சிக்கல் வருஷக்கணக்கா உண்டு. ஒருநாள் வயிறு மேளம் மாதிரி உப்பி, காத்துகூட பிரியாம முனகிட்டே கிடந்தார். எக்ஸ்ரேல பாத்தா வயிறு பூரா பெரிய காபிக்கொட்டை மாதிரி குடல் வளைஞ்சு நிக்குது. சிக்மாய்டு வால்வுலஸ்னாங்க, அதாவது பெருங்குடல்ல மலக்குடலுக்கு முன்னாடி இருக்கற வளைவு முறுக்கிக்கறது. ஆசனவாய் வழியா ஸ்கோப், அதாவது உள்ள பாக்கற குழாய், விட்டு அவுத்து டியூப் வச்சாங்க, புஸ்ஸுனு காத்து வந்து கண்ணு முன்னாடியே வயிறு இறங்குச்சு. அப்பா "இப்பத்தான்டா மூச்சே விட முடியுது"ன்னார்.

மூணாம் நாள் டிஸ்சார்ஜ். மலம் இளக மருந்து குடுங்க, அவ்வளவுதான். இது திரும்ப வரும்னு ஒரு வார்த்தை சொல்லல. முறுக்கை அவுத்தாலும் நீளமா தொங்கற அந்தக் குடல் அப்படியேதானே உள்ள இருக்கு, அதை வெட்டி எடுக்கலன்னா பாதிப் பேருக்குப் பக்கமா, சில சமயம் அதுக்கும் மேல, மறுபடி முறுக்கிக்குதாம். உடம்பு தாங்கற ஆளா இருந்தா அதே அட்மிஷன்லயே வெட்டி எடுக்கறதுதான் முறைன்னு எனக்குப் பிறகுதான் தெரிஞ்சுது. நான் கேட்டப்போ "வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்க மாட்டார்"னாங்க, ஆனா மயக்க டாக்டர் ஒருத்தர்கூட வந்து அவரைப் பாக்கல.

அஞ்சு வாரத்துல மறுபடி உப்புச்சு. போன் பண்ணா மலச்சிக்கல்தான், எனிமா குடுங்கன்னாங்க, ஒன்றரை நாள் போயிடுச்சு. காய்ச்சல் வந்து, வயிறு கல்லாயி, மலத்துல ரத்தம் வந்தப்பதான் தூக்கிட்டு ஓடினோம், குடல் அழுகியிருந்துச்சு. தாங்க மாட்டார்னு சொன்ன அதே உடம்பை இன்னும் மோசமான நிலையில, ராத்திரியோட ராத்திரியா கிழிச்சாங்க. பொழச்சுட்டார், ஆனா இப்ப மலம் வெளிய வர வயித்துல வச்ச பையோட இருக்கார், அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறப்போ எனக்குத் தாங்கல.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இப்படி டியூப் வச்சா, டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே சர்ஜனையும் மயக்க டாக்டரையும் பாக்கணும்னு அடம் பிடிங்க. ஆபரேஷன் வேணாம்னா ஏன் வேணாம், திரும்ப வந்தா என்ன பண்ணப் போறீங்கன்னு எழுதியே வாங்குங்க. வயித்தைத் திறந்து முறுக்கை மட்டும் அவுத்துத் தைச்சாலும் திரும்ப வரலாம், அதையும் கேட்டுக்கோங்க. மறுபடி உப்பினா வீட்ல எனிமா வேண்டாம், நேரா எமர்ஜென்சி, பழைய எக்ஸ்ரேவையும் கையில எடுத்துட்டுப் போங்க, டியூட்டி டாக்டர் மலச்சிக்கல்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதை நீட்டிடுங்க.