ஆபீஸ் கவுன்சிலிங் சேவை: 5க்கு 3

சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இலவச கவுன்சிலிங் என்று வெளி நிறுவனம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, இல்லாத குரலெல்லாம் கேட்கும் தீவிர மனநோய். அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் மாத்திரை, டாக்டர், ராத்திரிக் காவல் எல்லாம் என் பொறுப்பு.

ஆப் தண்டம். தாமரைப்பூ படம், ஆழ மூச்சு விடச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு குரல். அவன் மாத்திரையைத் துப்பிவிட்டுக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டால் நான் மூச்சு விட்டு என்ன ஆகப்போகிறது?

போன் கவுன்சிலிங் நன்றாக இருந்தது. எனக்குக் கிடைத்த மேடம் விஷயம் தெரிந்தவர். “குரல் கேட்குதுன்னு சொன்னா, அதெல்லாம் இல்லைன்னு வாதாடாதீங்க. பயமா இருக்காடான்னு கேளுங்க” என்றார். வீட்டில் பாதிச் சண்டை அதோடு நின்றது. வருமான வரியில் 80டிடி என்ற பிரிவைப் பற்றிச் சொன்னதும் அவர்தான். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று அரசுச் சான்றிதழ் வாங்கினால் 75,000 ரூபாய் கழிவு உண்டு. நம்மை நம்பி இருக்கும் உடன்பிறப்புக்கும் செல்லும், பழைய வரிமுறையில் மட்டும். இத்தனை வருடத்தில் எங்கள் ஹெச்.ஆர். இதைப் பற்றி ஒரு மெயில் அனுப்பியதில்லை.

இன்சூரன்ஸ் கதை வேறு. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம். சரி, ஆனால் எங்கள் குரூப் பாலிசியில் பெற்றோர், துணை, பிள்ளைகளுக்குத்தான் இடம். தம்பிக்கு இல்லை.

எனக்கு உண்மையில் வேண்டியது ஷிஃப்ட் மாற்றம். அதில் இந்தச் சேவை கைவிரித்துவிடுகிறது. நாம் பேசுவது கம்பெனிக்குப் போகாது என்பது நல்ல ஏற்பாடுதான், அதனாலேயே மேனேஜரிடம் நம் சார்பாகப் பேசவும் ஆள் இல்லை. நாமே போய் வாயைத் திறக்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்கும் ஊழியருக்கு வருடத்தில் ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு சட்டப்படி உரிமை. எங்கள் கிளையன்ட் லண்டன்காரர்கள். ஒரே பிராஜெக்டில் அந்தப் பக்கம் இருப்பவர் அதைக் கேட்டு வாங்கலாம், நான் கேஷுவல் லீவை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரியில் கூப்பிட்டால் நம்பரை வாங்கிக்கொண்டு காலையில் அழைப்பார்கள். அந்த நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416, எவ்வளவோ மேல். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

புக் பண்ணும்போதே தமிழ் கவுன்சிலர் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் ஆங்கிலம்தான். அடுத்த முறையும் அதே ஆள் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முழுக் கதையையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.