அகஸ்டஸ் காசா, நீரோ காசா?

ரோமப் பேரரசர் ஒருவர் நேரில் எப்படி இருந்திருப்பார் என்று காசில் பார்க்க ஆசையா? அப்படியானால் அகஸ்டஸை விட்டுவிட்டு நீரோவை எடுங்கள்.

அகஸ்டஸின் பெயர்பெற்ற தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு கி.மு. 2 வாக்கில் லுக்துனத்தில், இன்றைய லியோன் நகரில், அடிக்கத் தொடங்கியது. அப்போது அவருக்கு அறுபது வயதாகிவிட்டது. காசில் இருப்பதோ சுருக்கமில்லாத இளைஞன் முகம். 75 வயதில் இறக்கும்வரை காசில் அவருக்கு வயதாகவே இல்லை.

நீரோ கி.பி. 54இல், 16 வயதில் பட்டத்துக்கு வந்தார். முதல் காசுகளில் பையன் முகம். எதிரே அவரைப் பார்த்தபடி அம்மா அக்ரிப்பினா. அடுத்த ஆண்டுக் காசில் அம்மா மகனுக்குப் பின்னால் நகர்கிறாள், அப்புறம் காணவே காணோம். 59இல் மகனே அவளைக் கொல்லச் செய்தார். 64க்குப் பிந்தைய காசுகளில் கழுத்து தடித்து, தாடைக்குக் கீழே சதை தொங்குகிறது. பேரரசரே இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

வெள்ளியைப் பார்த்தால் கதை மாறுகிறது. அகஸ்டஸ் காசு கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. ஒரு ரோமானிய பவுண்டு எடை வெள்ளிக்கு 84 தெனாரியஸ் அடித்தார்கள். நீரோ 64 வாக்கில் அதை 96 ஆக்கிக் காசின் எடையைக் குறைத்து, செம்பையும் கூடுதலாகக் கலந்தார். கோவை, கரூர் பக்கத்துப் புதையல்களில் குவிந்து கிடைப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள்தான். நம் வணிகர்கள் பழைய கனமான காசைப் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள் என்ற விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது.

ஆனால் நீரோவை வெள்ளியில் தேட வேண்டியதில்லை. அவருடைய செஸ்டர்ஷியஸ் என்ற பித்தளைக் காசு ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் அகலம், 25 கிராம் எடை. அச்சு வெட்டியவருக்குக் கைவேலை காட்ட நல்ல இடம். அதில் ஒரு வகைக் காசின் பூப்பக்கம் முழுக்க ரோமின் ஒஸ்தியா துறைமுகம்: வளைந்த அலைதடுப்புச் சுவர்கள், நடுவே கப்பல்கள். ஒரே ஒரு ரோமக் காசுதான் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அகஸ்டஸ் காசு கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கேடயமும் ஈட்டியுமாகப் பேரன்கள் கையுஸ், லூசியுஸ் நிற்பார்கள். பட்டத்துக்கு வாரிசாக அவர் மகன்களாகத் தத்தெடுத்து வளர்த்த பிள்ளைகள். லூசியுஸ் கி.பி. 2இல் இறந்தார், கையுஸ் 4இல். கிழவர் அதற்குப் பிறகும் பத்து வருடம் இருந்தார்.