ஓபன்பிஎஸ்டி ஃபயர்வாலோடு 11 வருடம்

2014ல் கோயம்புத்தூரில் ஒரு மில் அலுவலகத்துக்கு ஃபயர்வால் (நெட்வொர்க்குக்குள் வருவதையும் வெளியே போவதையும் வடிகட்டும் காவல்) வைக்கச் சொன்னார்கள். புதிதாக வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. மூலையில் கிடந்த டெஸ்க்டாப்பில் இன்னொரு நெட்வொர்க் கார்டைச் செருகி ஓபன்பிஎஸ்டி என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டேன். அன்றிலிருந்து என் சோறு அதில்தான்.

அதன் ஃபயர்வாலான பிஎஃப் 2001ல் வந்தது. எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகளை மேலிருந்து கீழே படிக்கும், கடைசியாகப் பொருந்துகிற விதிதான் செல்லும். நடுவில் ‘குவிக்’ என்று போட்டால் அங்கேயே முடிவு. பத்துப் பதினைந்து வரிகளில் ஓர் அலுவலகமே அடங்கிவிடும்.

அந்த மில்லில் ஒரு வங்கித் தளம் மட்டும் திறக்கவே இல்லை. பிங் என்ற சோதனைச் செய்தி போகிறது, பக்கம் வரவில்லை. லைனில் போகிற டேட்டாத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, காட்டும் டிசிபிடம்ப்பை ஓட்டிப் பார்த்தேன். இணைப்பு சரியாக உண்டாகிறது, சின்ன பாக்கெட்டுகள் வருகின்றன, பெரியவை வந்து சேரவில்லை. பிராட்பேண்ட் இணைப்பில் வரும் பிபிபிஓஇ என்ற முறை 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் லைனில் ஒரு பாக்கெட்டுக்கு 1500க்குப் பதில் 1492 பைட்தான் போகும்; அதைச் சொல்லும் ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழைத் தகவல்) செய்தியை வழியில் யாரோ தடுத்திருந்தார்கள். எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏறும் டேட்டா அளவு) உச்சவரம்பை 1440 என்று ஒரே வரியில் வைத்தேன், தளம் திறந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு இன்டர்வியூவில் இதே கேள்வி வந்தது. பேப்பரில் வரைந்து காட்டினேன். வேலை கிடைத்தது.

குறைகளும் உண்டு. 10 கிகாபிட் லைனுக்கு இதை நம்பி இறங்காதீர்கள், லினக்ஸ் வேகமாக ஓடும். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, கடைசி இரண்டுக்கு மட்டுமே பேட்ச் (பிழைத் திருத்தம்), அதனால் அடிக்கடி புது வெளியீட்டுக்கு மாற வேண்டும். 2019ல் சிஸ்அப்கிரேட் என்ற கமாண்டு வந்த பிறகுதான் அந்த வேலை சுலபமானது. அப்புறம், நம் ஊர் வேலை விளம்பரங்களில் இதன் பெயரே இருக்காது, சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏதான் கேட்பார்கள். அதனால் எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரவுட்டிங் மென்பொருளையும் சேர்த்துப் பழகுங்கள். அதன் கமாண்டுகள் சிஸ்கோ மாதிரியேதான் இருக்கும், ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறைகளான பிஜிபியும் ஓஎஸ்பிஎஃப்பும் காசு செலவில்லாமல் கைக்கு வந்துவிடும்.

வெளியூர் மெஷினில் விதி மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சைத் தவறுதலாக அடைத்துவிட்டாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு ஸ்டேட் டேபிளில் (நடப்பு இணைப்புகளை பிஎஃப் குறித்துவைக்கும் பட்டியல்) இருப்பதால் அறுபடாது. வெளியே வந்து மறுபடி நுழையும்போதுதான் கதவு சாத்தியிருப்பது தெரியும். எனக்கு அது ராத்திரி பஸ்ஸில் திருப்பூர் வரை போய்வரும் வேலையாக முடிந்தது. புது விதி ஏற்றியதும் இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்துவிட்டு அப்புறம் பழையதை மூடுங்கள்.