தராருவா மலையில் டிக்கா டி3எக்ஸ் லைட்: சில வருடம் சுமந்த பிறகு

லேசான துப்பாக்கி வேண்டும் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் கம்பெனி போட்டிருக்கும் எடையைத்தான் பார்க்கிறார்கள். நான் சுமக்கும் டிக்கா டி3எக்ஸ் லைட் வேட்டைத் துப்பாக்கி வெறுமனே 3 கிலோவுக்குச் சற்றுக் கீழே. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைப் பிடிக்கும் வளையங்கள், சப்ரெஸ்ஸர் (குழல் முனையில் மாட்டும் சத்தம் குறைப்பான்), தோள்வார், தோட்டா எல்லாம் ஏறியதும் என்னுடையது 4 கிலோவை நெருங்கிவிட்டது. தோளில் தொங்கப்போவது அந்த எடைதான், அதைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

நான் இருப்பது நியூசிலாந்தின் வெலிங்டன். சிவப்பு மானுக்குப் போவது பெரும்பாலும் தராருவா மலைத்தொடர், அங்கே மழை இல்லாத நாளைத்தான் தேட வேண்டும். அதனால் தோளில் வைக்கும் கட்டை மரத்தில் வேண்டாம் என்று ஸ்டெயின்லெஸ் குழலும் சிந்தெட்டிக் கட்டையும் உள்ள மாடலை எடுத்தேன். தோட்டா 7 எம்எம்-08. பழைய .308 தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது, 1980இல் ரெமிங்டன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு மானுக்குத் தாராளம், தோளில் உதையும் குறைவு. மேக்னம் (வெடிமருந்து அதிகமுள்ள பெரிய தோட்டா) வேண்டும் என்று அடம்பிடிக்கும் நண்பர்களுக்கு ஒன்று: இவ்வளவு லேசான துப்பாக்கியில் அது உதைக்கிற உதையில் கண்ணை மூடிக்கொண்டு ட்ரிக்கரை இழுக்கப் பழகிவிடுவீர்கள், அப்புறம் துல்லியத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஸ்கோப் 3-9x40, அதாவது 3 முதல் 9 மடங்குவரை பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்; எடை சுமார் 350 கிராம். இந்த மலைக்கு அதற்கு மேல் பெரிய கண்ணாடி வீண் சுமை என்பது என் கட்சி. வாங்கிய கடையில் அவர்களே மாட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் திருகுக் கருவி) வைத்துப் பார்த்தால் வளையத்தின் ஒரு பக்கத் திருகு லூசு, மறுபக்கம் நசுங்கும் அளவுக்கு இறுக்கம். யார் மாட்டிக் கொடுத்தாலும் கழற்றி, கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு நீங்களே இறுக்குங்கள். துப்பாக்கி சரியில்லை என்று வரும் புகாரில் பாதி திருகில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். மூன்று குண்டு போட்டுவிட்டுக் குழல் கைக்குக் குளிரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஐந்து, ஆறு என்று போனால் குண்டுகள் சிதறும், உடனே ஸ்கோப்பைத் திருகத் தோன்றும். திருகாதீர்கள். சப்ரெஸ்ஸரை மாட்டினால் குண்டு விழும் இடமே மாறும், ஆகவே காட்டுக்கு எப்படிக் கொண்டுபோவீர்களோ அப்படியே வைத்து ஜீரோ செய்யுங்கள், அதாவது ஒரு தூரத்தில் குறியும் குண்டும் ஒரே இடத்தில் விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். நான் 200 மீட்டருக்கு வைத்திருக்கிறேன், 100இல் ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே விழும், 300இல் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் கீழே. அதற்கு மேல் நான் சுடுவதில்லை. தோட்டாவில் மூன்று நான்கு வகை வாங்கிப் போட்டுப் பாருங்கள், விலை உயர்ந்ததுதான் உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்றில்லை. எனக்கு நடுத்தர விலைப் பெட்டிதான் 100 மீட்டரில் 3 சென்டிமீட்டருக்குள் மூன்றையும் போடுகிறது.

மேசையில் வைத்துச் சுடும்போது வரும் இந்தத் துல்லியம் மலையில் அப்படியே வராது. மூச்சு வாங்கும்போது லேசான துப்பாக்கி ஆட்டம் காட்டும், கனமானது இந்த அளவுக்கு ஆடாது. முதுகுப்பையை முன்னால் போட்டு, குப்புறப் படுத்து, அதன்மேல் வைத்துச் சுடுவதை நிறையப் பழகுங்கள்.

குறை என்றால் மேகசின். பிளாஸ்டிக், மூன்றே தோட்டா, இன்னொன்று வாங்கப் போனால் விலை கடுப்பேற்றும். ட்ரிக்கர் மட்டும் அருமை. ஒரே திருகில் 1 முதல் 2 கிலோவரை மாற்றலாம், குளிரில் கையுறை போட்டுச் சுடுவதால் நான் நடுவில் வைத்திருக்கிறேன்.