நல்ல கேமராதான், ஆனால் அந்த ஷட்டர்!

ரிப்பேருக்குப் போன தெர்மல் கேமரா (சூட்டைப் படமாகக் காட்டுவது) ஒருவழியாகத் திரும்பி வந்தது. இதே மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் நச்சரிக்கிறார். சரி, எழுதிவிடுகிறேன்.

எங்கள் வேலை செயற்கைக்கோளுக்கான ஹனிகோம்ப் பேனல்கள். இரண்டு பக்கமும் கார்பன் தகடு, நடுவில் அலுமினியத் தேன்கூடு, இடையில் பசை; அந்தப் பசை எங்கே விட்டிருக்கிறது என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஃபிளாஷ் விளக்கால் மேல்தகட்டைச் சட்டென்று சூடாக்கிவிட்டு அது ஆறுவதைப் பார்ப்போம். முதலில் திரையில் ஒன்றும் இருக்காது, அப்புறம் அறுகோணக் கட்டங்கள் மெல்ல எழும், கூட்டின் சுவர் ஒட்டிய இடமெல்லாம் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டு கருக்கும், இன்சர்ட்டுக்கு (திருகு மாட்டப் பதிக்கும் துண்டு) பசை நிரப்பிய இடம் இன்னும் கருப்பாக நிற்கும். பசை விட்ட இடத்தில் மட்டும் கட்டமே இருக்காது, வெளுப்பாக ஒரு திட்டு. பசை விட்ட இடத்தில் சத்தம் மாறுகிறதா என்று நாணயத்தால் தட்டித் தட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு இது இன்றும் அலுக்கவில்லை.

இனி வயிற்றெரிச்சல். டிடெக்டர், அதாவது சூட்டை உணரும் பாகம், தன்னைச் சரிசெய்துகொள்ள அவ்வப்போது உள்ளே ஒரு மூடி விழும், அதுதான் ஷட்டர், டொக், படம் அப்படியே உறைந்து நிற்கும். 1 மி.மீ. ஆழத்துக் குறை கார்பனில் தலைகாட்டுவதே சில நொடிகள்தான் (ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு), மூடி பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தான் விழுகிறது. மூடி தானாக விழாதபடி மேனுவலுக்கு மாற்றினால் படத்தின் ஓரம் தானாக வெளுக்க ஆரம்பிக்கும், பேனலில் குறையா கேமராவின் நாடகமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இப்போது ரிப்பேருக்குப் போனதும் அந்த மூடி பாதியில் சிக்கியதால்தான். பில்லைப் பற்றிப் பேச வேண்டாம்.

அலுமினியத் தகட்டில் என் உடம்புச் சூடே பிரதிபலித்து ஆள் உருவமாகத் தெரிகிறது, அது கேமராவின் குற்றமில்லை, விட்டுவிடுகிறேன்.

நாசாவே இதைத்தானே நம்பியது என்கிறார் நண்பர். உண்மைதான், 2003 கொலம்பியா விபத்துக்குப் பிறகு விண்ணோடங்களின் இறக்கை முனைப் பேனல்களை இந்த முறையில் சோதித்தார்கள். 2006-ல் விண்வெளி வீரர்கள் பியர்ஸ் செல்லர்ஸும் மைக் ஃபாசமும் விண்வெளி நடையிலேயே அந்தப் பேனல் பொருளின் மாதிரித் துண்டுகளை அகச்சிவப்புக் கேமராவில் பிடித்துப் பார்த்தார்கள். முறையை யார் குறை சொன்னது? நான் திட்டுவது இந்தப் பெட்டியை.

வாங்காதீர்கள். கையில் காசிருந்தால் குளிரூட்டிய டிடெக்டர் உள்ளதை வாங்குங்கள், இல்லையென்றால் நாணயமே போதும். எங்களுடையதை மட்டும் இரவல் கேட்க வேண்டாம், தர மாட்டேன்.