புள்ளியியல் இயற்பியல்: வெப்பத்தில் தொடங்குவதா, எண்ணுவதில் தொடங்குவதா?

எண்ணற்ற துகள்களின் கூட்டு நடத்தையிலிருந்து வெப்பத்தை விளக்கும் புள்ளியியல் இயற்பியலை இளநிலை மாணவர்களுக்கு நடத்த இரண்டு வழிகள் நன்றாகவே பழகிப்போனவை. மூன்றாவது ஒன்றும் உண்டு, அதற்கு ஆதரவாளர்கள் குறைவு.

முதல் வழி வரலாறு போன வழி. வெப்பத்தை வேலையாக்கும் கார்னோவின் இலட்சிய இயந்திரம், அப்புறம் 1865-இல் கிளாசியஸ் பெயரிட்ட என்ட்ரோபி, கடைசியில் அதை அணுக்கள் அமையும் வழிகளோடு இணைத்த போல்ட்ஸ்மன். அணுக்களைப் பற்றி எதுவும் தெரியாமலேயே இயந்திரத் திறனுக்கு உச்சவரம்பு சொல்லிவிடலாம். அது சாதாரண விஷயமில்லை. சிக்கல் என்ட்ரோபியில்தான். வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்து வரும் ஓர் அளவாக அது அறிமுகமாகிறது. மாணவர் கணக்கைச் சரியாகப் போட்டுவிடுவார். அது ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று கேட்டால், தனித்து விடப்பட்ட அமைப்பில் என்ட்ரோபி குறையாது என்ற இரண்டாம் விதியைத் திரும்பச் சொல்வதைத் தவிர அவருக்கு வழியில்லை.

இரண்டாவது வழியில் முதல் வாரமே எண்ண ஆரம்பிக்கலாம். 2 அலையியற்றிகள் (ஆற்றலைச் சம துண்டுகளாக ஏற்று அதிரும் அலகுகள்) கொண்ட ஒரு சிறிய திண்மம், 4 கொண்ட இன்னொன்று. இரண்டும் சேர்ந்து 6 துண்டு ஆற்றலைப் பகிர்கின்றன. மொத்த நுண்ணிலைகள், அதாவது அந்தத் துண்டுகளைப் பங்கிடும் வழிகள், 462. சிறியதிடம் 0 முதல் 6 துண்டு வரை இருக்கும் வழிகளை வரிசையாக எண்ணினால் 84, 112, 105, 80, 50, 24, 7. ஒரு தாளில் அடங்கிவிடும் கணக்கு இது. ஆனால் இதற்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! சிறியதன் சராசரிப் பங்கு 2 துண்டு, அதிக வாய்ப்புள்ளதோ 1. ஆக, சராசரியும் உச்சமும் வேறு வேறு என்று மாணவர் தன் கையாலேயே கண்டுபிடிக்கிறார். எல்லா ஆற்றலும் சிறியதிடமே சேர 462-இல் 7 வாய்ப்பு, சுமார் 1.5 விழுக்காடு. அப்படியானால் இரண்டாம் விதி இங்கே மீறக்கூடியதா என்ற கேள்வி தானாக எழும். துகள்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒப்பீட்டு ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் சுருங்குகிறது. 10-இன் 22-ஆம் அடுக்கு துகள்களுக்கு அது ஆயிரங்கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வெப்பநிலையும் இதே கணக்கிலிருந்து வருகிறது: ஆற்றல் கொஞ்சம் கூடும்போது நுண்ணிலைகள் எத்தனை மடங்கு பெருகும் என்பது இரு பெரிய திண்மங்களுக்கும் சமமானால், இரண்டும் ஒரே வெப்பநிலையில் உள்ளன. என்ட்ரோபி நுண்ணிலைகளின் எண்ணிக்கையின் மடக்கையாக ஏன் வருகிறது என்பதும் அங்கேயே புரிந்துவிடும்: வழிகள் பெருக்கப்படுகின்றன, என்ட்ரோபி கூட்டப்பட வேண்டும்.

இதற்கும் விலை உண்டு. சேர்மானக் கணக்கில் தடுமாறும் வகுப்பில் வாரங்கள் கரைந்துபோகும், இயந்திரங்கள் பருவத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டு விட்டுப்போகும். வேதியியல், பொறியியல் மாணவர்களுக்கு ஒரே பருவம்தான் என்றால் நான் முதல் வழியையே எடுப்பேன். இயற்பியல் மாணவர்களுக்குத் தயங்காமல் இரண்டாவது.

மூன்றாவது, 1957-இல் ஜெய்ன்ஸ் முன்வைத்த பெரும என்ட்ரோபி அணுகுமுறை. தெரிந்தது சராசரி ஆற்றல் மட்டும் என்றால், மற்றவற்றில் எந்தச் சாய்வும் காட்டாத நிகழ்தகவுப் பரவலைத் தேர்ந்தெடு. ஆற்றல் கூடக்கூட ஒரு நிலையின் வாய்ப்பு அடுக்குமுறையில் குறையும் போல்ட்ஸ்மன் பரவல் சில வரிகளில் வந்துவிடும். அழகானதுதான், ஆனால் முதல் சந்திப்புக்கு ஏற்றதில்லை. வாயுவின் என்ட்ரோபி எனக்குத் தெரிந்ததைப் பொறுத்ததா என்ற கேள்வியை எதிர்கொள்ள மாணவருக்கு முதலில் இயற்பியல் பிடிமானம் வேண்டும். முதுநிலையில் வைக்கலாம்.

கணினி எந்த வழியோடும் சேரும், ஆனால் கையால் எண்ணிய பிறகு வந்தால்தான் பலன். இரு பரிமாண ஐசிங் மாதிரியை (வலைப்புள்ளிகளில் மேலோ கீழோ நோக்கும் சிறு காந்தங்கள்) 1953-இன் மெட்ரோபோலிஸ் முறையில், அதாவது தற்செயல் மாற்றங்களால் நிலைகளை எடுத்துப் பார்க்கும் முறையில், ஓட்டச் சொல்லுங்கள். ஆன்சாகர் 1944-இல் துல்லியமாகத் தீர்த்த மாதிரி அது. சதுர வலையில் காந்தத்தன்மை மறையும் மாறுநிலை வெப்பநிலை இயல்பு அலகில் சுமார் 2.269. அந்த இடத்தை நெருங்கும்போது அடுத்தடுத்து எடுக்கும் நிலைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆயிரம் நிலை எடுத்தாலும் ஒன்றையொன்று சாராதவை அதில் கொஞ்சம்தான். வழக்கமான பிழைச் சூத்திரத்தைப் போட்டவருக்குப் பிழை மிகச் சிறிதாக வரும், விடை மட்டும் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அந்த வரம்பைத் தாண்டி அலையும். ஏன் என்று தேடவிடுங்கள். சார்பின்மை என்ற நிபந்தனை சூத்திரத்தில் எதற்காக இருக்கிறது என்பதை நிகழ்தகவுப் பாடத்தைவிட இந்தத் தேடல் நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது.